கார்ல நாங்க ரெண்டே பேர்

ஜன்னலோரம் உங்களுதாம்மா? இருங்க, நான் எந்திரிச்சு வழி விடுறேன். பையை மேல வைக்கணும்னா அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணைக் கூப்பிடுங்க, வச்சுத் தருவா. நீங்களும் மதுரைதானா? எனக்கு மதுரைல இறங்கி அங்கேருந்து கோவில்பட்டி போகணும். அண்ணன் வீடு. தனியாத்தான் போறேன். எங்க வீட்டுக்காரர் மக வீட்ல இருக்கார். முட்டி வலி அவருக்கு. மக வீட்ல லிஃப்ட் இருக்கு, அதனால அங்க இருக்கார். எங்க அப்பார்ட்மெண்ட்லயும் லிஃப்ட் இருக்கு. ஆனா அது அப்பப்ப நின்னுபோகும்.

இன்னும் மாஸ்க் போடுறீங்க. நல்லதும்மா, நான் குறை சொல்லல. இப்பல்லாம் யார் போடுறா? எல்லாரும் மறந்துட்டாங்க. என்னாலதான் மறக்க முடியல. பிளேன்ல ஏறி உக்காந்தாலே அந்த வருஷம் ஞாபகம் வந்துடுது. பிளேன் வேண்டாம், கார்லயே போவோம்னு அப்ப முடிவு பண்ணினது நான்தான். இப்பவும் சொல்றேன், அது சரியான முடிவு. என் மக தப்புன்னு சொல்றா. சொல்றான்னா, இப்ப எங்கிட்ட பேசுறதே இல்ல. பேசிட்டிருந்த காலத்துல சொன்னா. உங்களைப் பாத்தா படிச்ச பொண்ணாத் தெரியுது. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

கொரோனா ரெண்டாவது அலை. பெட் இல்ல, ஆக்சிஜன் இல்லன்னு டிவில ஓயாம காட்டிட்டிருந்தாங்களே, அந்தச் சித்திரை மாசம். எங்க அண்ணன் வெயிலுமுத்துவோட மகளுக்குக் கல்யாணம். தள்ளிப் போடக் கூடாதான்னு என் மக கோமதி கேட்டா. எப்படித் தள்ளிப் போட? முந்தின வருஷமே ஒரு தடவை தள்ளிப் போட்டாச்சு. மாப்பிள்ளை வீட்ல முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அம்பது பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு கவர்மெண்ட் சொல்லிடுச்சு. அந்த அம்பதுல அண்ணன் முதல்ல சொன்னது என் பேரை. அவர் கூடப் பிறந்தவ நான் ஒருத்திதான். நான் போய் நிக்கலன்னா அண்ணி அதை வச்சே காலம்பூரா பேசுவாங்க. உங்களுக்குப் புரியும்.

எப்படிப் போறதுன்னு வீட்ல ஒரு வாரம் பேச்சு. ஹைதராபாத்லேருந்து கோவில்பட்டி கிட்டயா இருக்கு? கோமதியும் ஹைதராபாத்லதான், வேற இடத்துல இருக்கா, கம்ப்யூட்டர் வேலை. வீடியோ கால்ல வந்து உக்காந்துட்டா.

‘போகாதீங்கம்மா. போய்த்தான் ஆகணும்னா பிளேன்ல போங்க. ரெண்டு மணி நேரத்துல இறங்கிடலாம். எல்லாரும் மாஸ்க் போட்டிருப்பாங்க, உள்ள காத்தை வடிகட்டித்தான் விடுறாங்க.’

‘வடிகட்டுறானாம் வடிகட்டுறான், நீ போய்ப் பாத்தியா? நூத்தெண்பது பேர் மூச்சை ஒரு டப்பால போட்டு மூடி வைக்கிறான். பக்கத்துல உக்காந்திருக்கவன் எங்கேருந்து வந்தான், எவன் வீட்ல எது இருக்கு, ஏதாவது தெரியுமா? கார்னா நாங்க ரெண்டே பேர். எங்க சாப்பாடு, எங்க தண்ணி, எங்க காத்து.’

‘யாரு ஓட்டுறது?’

‘அப்பாவுக்கு முட்டி இருக்கே, அவர் எங்க ஓட்ட? யாதகிரி ஓட்டுவான்.’

‘அப்ப மூணு பேர்மா.’

‘யாதகிரி நம்ம யாதகிரிதானேடி’ன்னேன்.

அவ என்னமோ மாதிரி பாத்தா. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அந்தப் பார்வை புரியல. வெளி ஆளாப் பாக்காம நம்ம யாதகிரின்னு சொன்னது தப்பா? எட்டொன்பது வருஷமா எங்களுக்கு ஓட்டுறவன். தினமும் இல்ல, ஊருக்குப் போறது, ஏர்போர்ட் போறது, அந்த மாதிரி. மத்த நேரம் ஒரு ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருந்தான். ஸ்கூலை மூடினதும் அந்த வேலை போச்சு. முதல் அலைலயே அவன் வீட்டுக்கு நான் அரிசி மூட்டை அனுப்பினேன். சொல்லிக் காட்டல, நடந்ததைச் சொல்றேன். போன் பண்ணிக் கோவில்பட்டி வர்றியான்னு கேட்டதும் உடனே வர்றேம்மான்னான். நான் ஒண்ணும் வற்புறுத்தல.

கோமதி இன்னொண்ணு சொன்னா. அப்பாவுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துட்டுக் கிளம்புங்கன்னு. எதுக்கு டெஸ்ட்? இவருக்கு ஏசில படுத்து தொண்டை கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு. உடம்பு லேசா கதகதன்னு இருந்துச்சு. சித்திரை வெயில்ல யாருக்கும்மா உடம்பு கதகதன்னு இருக்காது? அதை டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு கொண்டு போனா எதையாவது எழுதிக் கொடுத்து வீட்ல உக்கார வச்சுடுவான். பிளேன் வேண்டாம்னு சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம்னு வச்சுக்கங்க. ஏர்போர்ட் வாசல்லயே நெத்தில துப்பாக்கி மாதிரி ஒண்ணை நீட்டிப் பாப்பாங்களே, கொஞ்சம் கூடக் காட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க. எத்தனை பேர் முன்னாடி! கார்ல அந்த வம்பே இல்ல.

நான் யோசிக்காம எதுவும் செய்யுறவ இல்ல. எல்லாத்தையும் யோசிச்சேன். புளியோதரை, தயிர்சாதம், ரெண்டு பிளாஸ்க்ல வெந்நீர், வழில எந்த ஓட்டல்லயும் கை நனைக்கக் கூடாது. கார் முழுக்க சானிடைசர் போட்டு நானே துடைச்சேன். யாதகிரி கதவைத் திறந்து உக்காந்தான், அந்தக் கைப்பிடியை மறுபடி துடைச்சேன். முதல் வார்த்தையே சொல்லிட்டேன், ‘யாதகிரி, மாஸ்க் மூக்குக்குக் கீழ இறங்கக் கூடாது. தண்ணி குடிக்கணும்னா வண்டியை நிறுத்தி வெளிய போய்க் குடி.’ அப்படியே செஞ்சான். அதைச் சொல்லணும். எங்க ரெண்டு பேருக்கு மாஸ்க் தேவைப்படல, கழட்டி வச்சுட்டோம். சொந்தக் கார், வீடு மாதிரிதானே? அதுக்குத்தானே கார்ல போறது.

கர்நூல் தாண்டினதும் வெயில் பாருங்க, ரோடே நெளியுது. இவர் இருமிக்கிட்டே வந்தார். யாதகிரி கண்ணாடில பாத்துக்கிட்டே வந்தான். அப்புறம் கேக்குறான், ‘அம்மா, கொஞ்சம் ஜன்னலை இறக்கவா? சார் இருமுறாரு.’

‘வெளிய புழுதிடா. புழுதி பட்டா இருமல் ஜாஸ்தியாகும்’னேன். ஏசியைக் கூட்டச் சொன்னேன்.

கொஞ்ச தூரம் போனதும் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் மெதுவா இறக்குறான். கேக்காம! எனக்கு வந்த கோவத்துக்கு, ‘ஏத்துடா மேல’ன்னு சத்தம் போட்டேன். ஏத்திட்டான். அதுக்கப்புறமும் ஒரு தடவை கேட்டான். நான் பதிலே சொல்லல.

ஒரு மரத்தடியில நிறுத்திப் புளியோதரையைப் போட்டுக் கொடுத்தேன். இவர் ரெண்டு வாய் தின்னுட்டுத் தட்டைத் தள்ளிட்டார். என்னன்னேன். ஒரு ருசியும் தெரியல, வாசனையும் தெரியல, வைக்கோலைத் திங்கிற மாதிரி இருக்குன்னார். விடிய எந்திரிச்சு நல்லெண்ணெயும் பெருங்காயமும் போட்டுக் கிளறினவ நான். முப்பத்தஞ்சு வருஷமா என் கைச் சமையலைத் தின்னுட்டு, வைக்கோல்ங்கறார். கடப்பா வர்ற வரைக்கும் நான் அவர்கிட்ட பேசவே இல்ல.

கடப்பால டீசல் போட நிறுத்தினப்ப யாதகிரி என் பக்கம் வந்து, தள்ளி நின்னு சொல்றான், ‘அம்மா, சாருக்கு உடம்பு சரியில்ல போல. இங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்படியே திரும்பிடலாமா?’

‘கல்யாணத்தை யார் பாக்குறது, நீயா? வண்டி ஓட்டுறது உன் வேலை, அதைப் பாரு.’

நான் சொன்னதுல என்ன தப்பு? டிரைவர் சொல்லி நான் ஊர் திரும்பணுமா? இவர் பின் சீட்ல தலையைச் சாச்சுக் கண்ணை மூடிட்டார். இவராவது வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். எப்பவுமே எல்லாத்தையும் என் தலைல விட்டுட்டுச் சும்மா இருக்கறது, கடைசில நல்ல பேர் எடுத்துக்கறது. அதுதான் அவர் குணம்.

வேலூர்ல ஒரு லாட்ஜ்ல தங்கினோம். யாதகிரிக்குத் தனி ரூம் போடலாமான்னு இவர் கேட்டார். பல பேர் படுத்த மெத்தை, எதுக்கு வீணா, கார்லயே படுத்துக்கிட்டா அவனுக்குத்தான் பாதுகாப்புன்னு சொன்னேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

கல்யாணம் நல்லா நடந்துச்சும்மா. அம்பதுன்னாங்க, நூறு பேருக்கு மேல வந்தாங்க. யாரைப் போன்னு சொல்ல முடியும்? என் பட்டுப் புடவையைப் பாத்துட்டு அண்ணியே ரெண்டு தடவை எங்க எடுத்தீங்கன்னு கேட்டாங்க. இவர் மட்டும் முகூர்த்தத்துக்கு வந்து நின்னுட்டு மாடில போய்ப் படுத்துட்டார். பிரயாண அசதின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். யாதகிரிக்கு இலைல சாப்பாடு கட்டி காருக்கே கொடுத்தனுப்பினேன், குறை வைக்கல. அப்புறம் அண்ணன் வீட்லயும் ரெண்டு பேருக்கு வந்துச்சு, பிழைச்சுக்கிட்டாங்க. அதுக்கும் அண்ணி ஒரு மாதிரி பேசினாங்க. நூறு பேர் வந்து போன வீட்ல யார் எதைக் கொண்டு வந்தான்னு யாருக்குத் தெரியும்?

கல்யாணம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, யாதகிரி இருமுறான். வேப்பமரத்தடியில கார்க் கதவைத் திறந்து போட்டுட்டு, போர்வையைச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கான். அந்த வெயில்ல போர்வை! எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. இவன் கூட எப்படி ரெண்டு நாள் ஒரே கார்ல போறது?

அப்பவும் நான் யோசிச்சுத்தாம்மா முடிவெடுத்தேன். போறப்ப கார் பாதுகாப்பு. வர்றப்ப பிளேன்தான் பாதுகாப்பு. நிலைமை மாறினா முடிவும் மாறணும்ல? இருமுறவன் கூட ஒரே கார்ல நீங்க போவீங்களா? போகமாட்டீங்கல்ல? கோமதி இதைத்தான் பிடிச்சுக்கிட்டா. ‘அம்மா, நீங்க எப்படிம்மா இப்படி...’ன்னு ஆரம்பிச்சு முடிக்கவே இல்ல. பிளேன்ல போன்னு முதல்ல சொன்னதே அவதானே!

மதுரைல டிக்கெட் போட்டோம். இவருக்கு அப்பத் தேவலை. மாத்திரையும் போட்டிருந்தார். நெத்தில வச்சுப் பாத்தாங்க, ஒண்ணும் காட்டல. ஜம்முனு வந்து சேந்தோம்.

காரை என்ன பண்றது? கோவில்பட்டில விட்டுட்டு வர முடியுமா? யாதகிரி எடுத்துட்டு வரட்டும்னேன். அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘வள்ளி, அவனுக்கு அனல் மாதிரி அடிக்குது. இங்க எங்கயாவது நாலு நாள் படுத்து எந்திரிச்சுப் போகட்டுமே’ன்னார். எங்க படுக்க வைக்கிறது? புதுப் பொண்ணு மாப்பிள்ளை வந்து போற வீடு. ஆஸ்பத்திரில சேத்தா, எங்கேருந்து வந்தான், யார் கூட வந்தான்னு நம்ம வீட்டு வாசல்ல வந்து யாரும் வெளிய போகாதபடி தகரம் அடிப்பான். நான் யாதகிரிகிட்டயே கேட்டேன், ‘ஓட்டிருவியாடா?’ன்னு. தலையை ஆட்டினான். அவன் முடியாதுன்னு சொல்லலம்மா. மாத்திரை, பிஸ்கட், கல்யாண லட்டு எல்லாம் ஒரு பைல போட்டு முன் சீட்ல வச்சேன். இப்ப உன் இஷ்டத்துக்கு ஜன்னலை இறக்கிக்கோன்னும் சொன்னேன்.

தனியா அவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்து சேந்துட்டான். கெட்டிக்காரன், அதுல சந்தேகம் இல்ல. கார்ல ஒரு கீறல் கிடையாது. பேஸ்மெண்ட்ல நிறுத்தி வாட்ச்மேன்கிட்ட சாவியைக் கொடுத்துட்டு, மேல வராம அப்படியே வீட்டுக்குப் போயிட்டான்.

அதுக்குள்ள கோமதி வந்து அடம் பிடிச்சு இவருக்கு டெஸ்ட் எடுக்க வச்சா. பாசிட்டிவ். இப்ப நீங்களே பாருங்க. யாதகிரி இருமினான், அப்புறம் இவருக்கு பாசிட்டிவ் வந்துச்சு. யார்கிட்டேருந்து யாருக்கு வந்துச்சு? நேராத்தானே இருக்கு? எவ்வளவு சுத்தமா இருந்தோம், எவ்வளவு துடைச்சோம், கடைசில டிரைவர் கொண்டாந்து விட்டான்னு நான் சொன்னேன்.

கோமதி என்னையே பாத்தா. ‘அப்பாவுக்கு என்னைக்கும்மா ருசி போச்சு?’ன்னு கேட்டா.

‘என் சமையலை அவர் குறை சொல்றது புதுசா?’ன்னேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா.

யாதகிரிக்கு மூச்சுத் திணற ஆரம்பிச்சதும் அவன் பொண்டாட்டி கோமதிக்குத்தான் போன் பண்ணியிருக்கா. எனக்குப் பண்ணல, அதைக் கவனிங்க. இவ வேலையை விட்டுட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சா. பெட் இல்ல. ஒரு இடத்துல கிடைச்சுது, ஆனா அப்ப லேட். ஒரு வாரம்கூடத் தாங்கல. போயிட்டான்.

எனக்கு வருத்தம் இல்லையா? இருந்துச்சும்மா. ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கல. ஆனா எத்தனை பேர் போனாங்க அந்தச் சமயத்துல! எங்க அப்பார்ட்மெண்ட்லயே மூணு பேர். அவங்கல்லாம் யார் காரை ஓட்டினாங்க? விதின்னு ஒண்ணு இருக்குல்ல?

இவர் அதுக்கப்புறம் ஒரு மாதிரி ஆயிட்டார். பேப்பர் படிக்க மாட்டார், டிவி பாக்க மாட்டார். சாப்பிடக் கூப்பிட்டா வந்து உக்காருவார், தட்டையே பாத்துக்கிட்டிருப்பார். கொரோனா வந்தா பின்னாடி அப்படித்தான் இருக்கும், தானாச் சரியாகும்னு டாக்டர் சொன்னார். சரியாகுற மாதிரி தெரியல. ஒரு நாள் காலைல சட்டையை மாட்டிக்கிட்டு, நான் யாதகிரி வீட்டுக்குப் போறேன்னார். தனியா அனுப்ப மனசில்ல. நானும் வர்றேன்னு பழம் வாங்கிக்கிட்டேன். அந்த முட்டியோட அவரே மெதுவா காரை ஓட்டினார்.

போரபண்டா பக்கம் ஒரு சந்துக்குள்ள வீடு. அவன் பொண்டாட்டி பேர் பாலமணி. வாசல்ல நின்னா. உள்ள வாங்கன்னு சொல்லல. நான் பழத்தை நீட்டினேன், வாங்கிக் கீழ வச்சா. நான் நாலு வார்த்தை ஆறுதலா ஆரம்பிக்கிறதுக்குள்ள, இவர் கையைக் கட்டிக்கிட்டு நிக்குறார், தெலுங்குல சொல்றார்:

‘அம்மா, ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கிட்டுக் கார்ல ஏறினேன். உன் புருஷனுக்கு என்கிட்டேருந்துதான் வந்துச்சு.’

யாரும்மா கேட்டா? அவ கேட்டாளா? யாராவது கேட்டாங்களா? நான் சட்டையைப் பிடிச்சு இழுக்குறேன், ‘என்ன பேசுறீங்க, வாங்க போலாம்’னு. இல்லாத பழியை எடுத்து தன் தலைல போட்டுக்கறார் மனுஷன்! தன் தலைலயா, என் தலைல!

பாலமணி அழல, கத்தல. ‘தெரியும் சார்’னா.

‘கடப்பாலேருந்து போன் பண்ணினார். சாருக்கு நல்ல காய்ச்சல், ஜன்னலைத் திறக்க விடமாட்டேங்கறாங்க, திரும்பிடலாம்னாலும் கேக்கலன்னார். வண்டியை அங்கயே விட்டுட்டு பஸ் பிடிச்சு வந்துடுன்னு நான் அழுதேன். பாதி வழில இறங்கிட்டா இனிமே யார் என்னைக் கூப்பிடுவா, ஏற்கனவே வேன் போச்சுன்னார். அப்படியே போனை வச்சுட்டார்.’

எனக்கு அப்பத்தாம்மா உயிர் வந்துச்சு. பொய் சொல்லல, அத்தனை நாள் நெஞ்சுல கல் மாதிரி என்னமோ இருந்துச்சு, அது இறங்கினாப்ல இருந்துச்சு. இவர் பக்கம் திரும்பிச் சொன்னேன், ‘கேட்டுக்கிட்டீங்களா? அவனுக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் ஓட்டியிருக்கான். நாம ஒண்ணும் மறைக்கல, ஏமாத்தல. இதுல நம்ம தப்பு எங்க இருக்கு?’ தெலுங்குலதான் சொன்னேன், அவளுக்கும் புரியட்டும்னு.

பாலமணி திரும்பி உள்ள போயிட்டா. இவர் அந்த வாசப்படியிலேயே உக்காந்துட்டார். எந்திரிங்கன்னேன். எந்திரிக்கல. சந்துல போறவங்கல்லாம் பாக்குறாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. சரி, வரட்டும்னு நான் போய்க் கார்ல ஏறிப் பின் சீட்ல உக்காந்தேன். வெயில் ஏறிக்கிட்டே இருக்கு. முன் சீட் காலியாக் கிடக்கு. ஓட்ட ஆளில்ல. அவர் வருவார், வருவார்னு பாத்தேன். வரவே இல்ல. கடைசில இறங்கி, ஒரு ஆட்டோவைப் பிடிச்சு நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் கோமதி வந்து அவர் துணிமணியை எடுத்துட்டுப் போனா. ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. நான் எதுக்குப் பேசணும்?

நீங்க சொல்லுங்கம்மா, வெளியாள்தானே, ரெண்டு பக்கமும் சேராதவங்க. அவனைக் கட்டிப் போட்டா கூட்டிட்டுப் போனோம்? தெரிஞ்சுதானே வந்தான்? பாலமணி வாயாலயே சொன்னாளே, தெரிஞ்சுதான் வந்தான்னு.

சொல்லுங்க.